பூனை வளர்ப்பவருக்கு வீடு இல்லை என்னும் வாதம்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் குடும்பத்திடம் சென்னையில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. எத்தனை பேர், எங்கே வேலை, சைவமா அசைவமா, சொந்த ஊர் எது. அண்மைக் காலமாக இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "நாய், பூனை ஏதாவது வளர்க்கிறீர்களா?" பூனை உண்டு என்று பதில் வந்தால் பேச்சு பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். புரோக்கர் அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போவார். அங்கும் அதே கேள்வி, அதே முடிவு. காம்பவுண்டுச் சுவரும் தோட்டமும் உள்ள தனி வீடு என்றால், காவலுக்கு ஆகும் என்று நாய்க்காவது சில ஓனர்கள் சம்மதிப்பார்கள். பூனைக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

மறுக்கிறவர்கள் சொல்லும் காரணங்கள் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. மூத்திர நெடி ஏறினால் வீட்டை விட்டுப் போகாது, கதவும் சன்னலும் கீறலாகிவிடும், முடியால் வீசிங் வரும், இரவெல்லாம் கத்தி அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள், காலி செய்த பிறகு அடுத்த குடித்தனம் வராது. இவற்றில் எதுவும் முழுக் கட்டுக்கதை அல்ல. ஆண் பூனையின் மூத்திர நெடி கடுமையானதுதான். பூனைக்கு நகம் உண்டு, கீறும். ஒவ்வாமை உள்ளவருக்குப் பூனை தொல்லை தரும். ஆனால் இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்தப் பூனையைப் பற்றிச் சொல்லப்படுகிறது, எந்த வீட்டைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்று பார்த்தால், வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கும் இன்றைய வாடகை வீட்டுக்கும் அவை பெரிதும் பொருந்தவில்லை.

தமிழ்க் குடும்பங்களின் நினைவில் இருக்கும் பூனை ஓட்டு வீட்டுப் பூனை. எலிக்காக வைத்திருந்தது அது. மிச்சமான சோற்றில் கொஞ்சம் பால் ஊற்றி வைப்பார்கள். மற்ற இரையை அதுவே தேடிக்கொள்ளும். ஓட்டு இடுக்கு வழியாக வரும், போகும். பரண் மேல் பழைய துணிக்குள் குட்டி போடும். கருத்தடை என்ற பேச்சே கிடையாது. பருவம் வந்தால் கூரை மேல் இரண்டு கடுவன்கள் விடிய விடியச் சண்டை போடும். கொல்லைச் சாம்பல் மேடும், தெருவில் யாராவது வீடு கட்டக் கொட்டி வைத்த மணல் குவியலும்தான் அதற்குக் கழிப்பிடம். சித்தாள் மணலை அள்ளும்போது கையில் என்ன தட்டுப்படும் என்பது கட்டட வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். இந்தப் பூனையைப் பற்றிய கசப்பு நியாயமானது. உருண்ட பால் செம்பும், பரணில் அடித்த நெடியும், கெட்டுப்போன தூக்கமும் சேர்ந்து உருவான கசப்பு அது.

அடுக்குமாடி வீட்டுக்குள் வளரும் பூனையின் வாழ்க்கை வேறு. அது வாசற்படி தாண்டுவதில்லை. கருத்தடை செய்யப்பட்டது, தடுப்பூசி போடப்பட்டது, பிளாஸ்டிக் தட்டில் கொட்டிய மணலில்தான் போகும், கிண்ணத்தில் வைப்பதைத்தான் தின்னும். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கும். தமிழ்நாட்டு நகரங்களில் இந்த வளர்ப்பு முறை பரவலானதே அண்மைக் காலத்தில்தான். பூனைக்கென்று தனி மணலும் தீனியும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு வந்த பழக்கம் இது. ஓட்டு வீட்டுப் பூனை செய்ததற்கு இந்தப் பூனையைப் பொறுப்பாக்குவதுதான் ஓனர்களின் வாதத்தில் உள்ள முதல் பிழை. மற்ற பிழைகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

நாற்றம்தான் முக்கியமான குற்றச்சாட்டு என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. கிடைக்கும் கொஞ்சம் நீரை வீணாக்காமல் இருக்க, அதன் சிறுநீரகம் மூத்திரத்தை மிகவும் கெட்டியாக்கி வெளியேற்றும். இன்றைய பூனைக்கும் அதே சிறுநீரகம்தான். இதோடு, பூனை மூத்திரத்தில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் உண்டு. அது சிதையும்போதுதான் அந்தத் தனி நெடி கிளம்புகிறது. விதை நீக்காத ஆண் பூனையிடம் ஃபெலினின் மிக அதிகம். ஆண் ஹார்மோனைச் சார்ந்து அது சுரக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அளவு நன்றாகக் குறைந்துவிடும். சுவரில் பீய்ச்சும் பழக்கமும் இந்த ஹார்மோனோடு சேர்ந்தது. வாலை நிமிர்த்தி நடுங்க விட்டு, பின்பக்கம் திரும்பிச் சுவரில் பீய்ச்சுவது மூத்திரம் கழிப்பதற்காக அல்ல. இது என் இடம் என்று மற்ற பூனைகளுக்குத் தெரிவிப்பதற்காக. கருத்தடை செய்த ஆண்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது இந்தப் பழக்கத்தை விட்டுவிடும், அல்லது தொடங்கவே தொடங்காது. கருத்தடை செய்த பெண்களில் இருபதில் ஒன்றுதான் பீய்ச்சும். எஞ்சியவற்றுக்குப் பெரும்பாலும் மூத்திரப்பையில் நோய் இருக்கும், அல்லது புதிதாக வந்த இன்னொரு பூனை போன்ற ஏதோ ஒன்று அவற்றைக் கலவரப்படுத்தியிருக்கும். கால்நடை மருத்துவர் பார்த்துச் சரிசெய்யக்கூடியவை இவை.

பீய்ச்சுவதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது மணல் தட்டு. கழித்ததைத் தோண்டி மூடுவது பூனைக்கு யாரும் கற்றுத் தராத பழக்கம். பென்டோனைட் களிமண்ணால் செய்த மணல் ஈரம் பட்டதும் கட்டியாக உறைந்துவிடும். காலையும் மாலையும் சல்லடைக் கரண்டியால் அந்தக் கட்டிகளை அள்ளி எடுத்துவிட்டால் அறையில் நெடி தங்காது. இரண்டு நாள் அள்ளாமல் விட்டால் நாறும். அது குடியிருப்பவரின் சோம்பல். மீன் கழுவிய கழிவை மூன்று நாள் அடுக்களைக் கூடையில் போட்டு வைப்பதும் அதே சோம்பல்தான். மீன் சமைப்பவருக்கு வீடு கிடையாது என்று அதற்காக யாராவது சொன்னால் அது அநியாயம் என்பது எல்லோருக்கும் விளங்கும்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனை மூத்திரம் வீட்டைப் பாழாக்கிவிடும் என்ற அச்சம் மேலை நாடுகளில் வலுவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே சுவருக்குச் சுவர் கம்பளம் ஒட்டியிருக்கும், அதன் அடியில் மரப்பலகை இருக்கும். ஈரம் கம்பளத்தையும் பலகையையும் ஊடுருவி இறங்கிவிட்டால் இரண்டையும் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டு வீடுகளின் தரை மொசைக், கிரானைட் அல்லது டைல்ஸ். வாளித் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக் கழுவும் தரை இது. டைல்ஸ் இணைப்புகளிலும், பூசாத சிமென்ட் தரையிலும், மர நிலையின் அடிப்பாகத்திலும் மட்டும் ஈரம் இறங்கும். அங்கே சோப்பும் பினாயிலும் பயன்படாது. யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி கலந்த துப்புரவுத் திரவம் வேண்டும், அதைச் சில மணி நேரம் ஊறவும் விட வேண்டும். பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக முறிக்க முடியாது. பாதத்தில் பட்டதை நக்கினாலும் உடம்புக்கு ஆபத்து. பூனை வளர்ப்பவர்கள் பலர் பினாயிலை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. தரையைச் சுத்தம் செய்யாததால் அல்ல, வேறு ஒன்றால் சுத்தம் செய்வதால்.

அடுத்தது கீறல். பூனை நகம் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக வளரும். வெளி உறை பழசானதும் கழற்றி எறிய வேண்டும், அதற்காகத்தான் கீறுகிறது. பூனை உள்ள வீட்டைப் பெருக்கினால் பிறைச் சந்திரன் வடிவில், மெல்லியதாக, உள்ளே பொள்ளலாக, நிறமில்லாத சிறு ஓடுகள் துடைப்பத்தில் சிக்கும். கழன்று விழுந்த நக உறைகள் அவை. பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசத்தை இடத்தில் பதிப்பது கீறலின் இன்னொரு பயன். ஆக, கீறுவதைத் தடுக்க முடியாது. இடம் மாற்றிவிட முடியும். சொரசொரப்பாக, அசையாமல், உடம்பை முழுதாக நீட்டிக் கீறும் உயரத்தில் ஒரு பொருள் வேண்டும். தேங்காய் நார்க் கயிறு இறுக்கிச் சுற்றிய ஒரு மரக்கட்டை போதும்; பழைய சாக்கு கட்டிய தூணும் ஆகும். இதைக் கொடுத்துவிட்டால், வழவழப்பான பாலிஷ் போட்ட கதவை அது நாடுவது குறைவு.

கொடுக்காவிட்டாலும் முதலில் கிழிவது எது? சோபா, மெத்தை, திரைச்சீலை. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் பெரும்பாலான வீடுகள் வெறும் வீடாகத்தான் வாடகைக்கு விடப்படுகின்றன. இந்தச் சாமான் எல்லாம் குடித்தனக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவை. பூனை கிழிப்பது தன்னை வளர்ப்பவரின் சொத்தை. ஓனருக்குச் சொந்தமானவற்றில் உண்மையில் ஆபத்தில் இருப்பது சன்னல் கொசுவலை. பல்லியைக் கண்டு தாவும் பூனைக்கு நைலான் வலை தாங்காது, ஒரே தாவலில் கிழியும். துருப்பிடிக்காத எஃகு வலை தாங்கும். சன்னலுக்கு எஃகு வலை மாட்டுவது குடித்தனக்காரரின் செலவு என்று பேசி முடித்துவிடக்கூடிய விஷயம் இது. காலி செய்யும்போது அந்த வலை வீட்டோடு நின்றுவிடும்.

வாடகை வீட்டில் வேறு எதுவும் தேயாமல் இருப்பதில்லை. போர் தண்ணீரின் உப்பு குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளையாகப் படியும். குழந்தை கிரேயானால் சுவர் முழுக்கக் கிறுக்கும். ஏசிக்குச் சுவரில் துளை போடுவார்கள். தாளிப்புப் புகை அடுக்களைக் கூரையில் பிசுபிசுப்பாக ஒட்டும். இவையெல்லாம் தெரிந்தேதான் ஓனர்கள் வீடு விடுகிறார்கள்; காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று அட்வான்ஸில் ஒரு தொகை கழிப்பது ஊர் வழக்கம். குழந்தையின் கிறுக்கலுக்குக் கணக்குப் போடத் தெரிந்தவருக்குக் கொசுவலைக்கும் கணக்குப் போட முடியும்.

உடல்நலக் காரணத்தை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூனை ஒவ்வாமை உண்மையான நோய். அதைத் தூண்டுவது முடி அல்ல. ஃபெல் டி 1 என்ற புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உண்டாகி, நக்கும்போது ரோமத்தில் படிந்து, காய்ந்து, மிக நுண்ணிய தூசியாகக் காற்றில் மிதக்கிறது. பூனை போன பிறகும் மாதக்கணக்கில் வீட்டில் தங்கும் என்பது உண்மை. ஆனால் அது தங்குமிடம் பெரும்பாலும் கம்பளமும் மெத்தையும் பஞ்சு வைத்த இருக்கையும். அவற்றைக் குடித்தனக்காரர் எடுத்துப் போய்விட, சுவருக்குச் சுண்ணாம்போ பெயிண்டோ அடித்து, தரையைக் கழுவிவிட்டால், வெறும் வீட்டில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். சென்னை போன்ற ஈரக் காற்று ஊரில் ஆஸ்துமாவைக் கிளப்புவதில் மெத்தைத் தூசிப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் பெரும் பங்கு உண்டு. வீட்டில் கரப்பான் இருந்ததா என்று எந்த ஓனரும் பழைய குடித்தனக்காரரிடம் கேட்பதில்லை. ஓனர் கீழ்த்தளத்திலேயே குடியிருந்து, அவருக்கோ அவர் பிள்ளைக்கோ பூனை ஒவ்வாமை கடுமையாக இருந்தால் மறுப்பதற்கு முழு நியாயம் உண்டு. அது ஒரு வீட்டின் காரணம். நகரத்து வீடுகள் அத்தனைக்கும் அதைச் சொல்ல முடியாது.

கர்ப்பிணிகளைப் பயமுறுத்தும் டாக்சோபிளாஸ்மா கிருமியின் கதையும் இப்படித்தான். எலியையோ பச்சைக் கறியையோ தின்ற பூனைதான் அதைப் பெறும். முதல் முறை தொற்றியபோது ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் வெளியேற்றும். பிறகு பொதுவாக நின்றுவிடும். வெளியேறிய கிருமி நோய் பரப்பும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும், ஐந்து நாள் வரையும் ஆகலாம். ஆகவே தினமும் அள்ளிவிடும் மணல் தட்டில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. கடைத் தீனி மட்டும் தின்று வீட்டுக்குள் வாழும் பூனைக்கு அது தொற்றும் வழியே ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. சரியாக வேகாத இறைச்சியும், கழுவாத காய்கறியும், தோட்டத்து மண்ணும் இதைவிடப் பெரிய வழிகள்.

சகுனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்று நம்புகிறவர் தம் வீட்டை எப்படியும் நடத்திக்கொள்ளலாம். வாசல் தாண்டாத பூனை யார் குறுக்கேயும் போவதில்லை.

அக்கம்பக்கத்தாரின் தொல்லை என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்கச் சிங்கப்பூரைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அங்கே மக்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். சென்னையைப் போலவே புழுக்கமான ஊர், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பொது நடைபாதை, பொது லிஃப்ட். அந்த வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. கழகம் சொன்ன காரணங்கள் நம்மூர் ஓனர்கள் சொல்பவையே: பூனையை வீட்டுக்குள் நிறுத்தி வைக்க முடியாது, பொது இடத்தில் முடி உதிர்க்கும், அசுத்தம் செய்யும், கத்தி அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும். முதல் காரணத்தைக் கவனித்தால், மற்றவை எல்லாம் அதன் விளைவுகள் என்பது தெரியும். வெளியே திரியும் பூனைதான் நடைபாதையில் அசுத்தம் செய்யும்; கருத்தடை செய்யாத பூனைதான் இரவில் கதறும்.

தடை இருந்த 35 ஆண்டுகளும் மக்கள் அந்த வீடுகளில் பூனை வளர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சட்டப்படி இல்லாத பூனைக்கு வலை போடு என்றோ, பதிவு செய் என்றோ யாரும் சொல்ல முடியவில்லை. 2024 செப்டம்பர் 1 அன்று தடை நீங்கியது. ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். உரிமம் பெற வேண்டும், தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்த வேண்டும், பூனை வெளியேறாதபடி சன்னலுக்கும் வாசலுக்கும் வலை போன்ற தடுப்பு வைக்க வேண்டும். ஏற்கெனவே வளர்த்தவர்கள் இந்த முறைக்குள் வர 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. பூனையை வீட்டுக்குள் நிறுத்த முடியாது என்று சொல்லி வந்த நாடு, நிறுத்தும் வழியை விதியாக எழுதிவிட்டது. வலை அங்கே அண்டை வீட்டாருக்கு மட்டும் பாதுகாப்பல்ல. பறவையைக் கண்டு பால்கனியிலிருந்து தாவி விழுந்து சாகும் பூனைகள் பல. ஓனர் கேட்கும் வலையும் பூனைக்கு வேண்டிய வலையும் ஒன்றே.

நம் நாட்டில் அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்கள் பூனைக்கும் நாய்க்கும் தடைத் தீர்மானம் போடுவதுண்டு. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நாய்களை முன்வைத்து எழுதப்பட்டது. பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் செல்லப்பிராணி வளர்ப்பதை அசோசியேஷன் முழுதாகத் தடை செய்ய முடியாது என்பதே அதன் நிலை. "எனக்குச் சம்மதம்தான், அசோசியேஷன் விடாது" என்று சொல்லும் ஓனர் அந்தத் தீர்மானத்தை ஒரு முறை கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

மொத்தமாக மறுப்பதால் ஓனருக்கு என்ன கிடைக்கிறது? பூனை இல்லாத வீடு கிடைக்கும் என்று அவர் நம்புகிறார். நடப்பது வேறு. உண்மை சொன்னவர் திருப்பி அனுப்பப்படுகிறார். பத்து வீட்டில் திருப்பி அனுப்பப்பட்டவர் பதினோராவது வீட்டில் சொல்லாமல் விடுகிறார். சாமான் லாரியில் பகலில் இறங்கும், பூனை மட்டும் இரவில் துணி மூடிய கூடையில் மாடியேறும். அன்று முதல் அந்த வீட்டில் எல்லாம் மறைவு. திரைச்சீலை விலகாது. மணல் கட்டிகள் கறுப்புப் பையில் வேறு தெருத் தொட்டிக்குப் போகும்; சில வேளை அவசரத்தில் கழிப்பறைக் கோப்பைக்குள் கொட்டப்படும். பென்டோனைட் நீர் பட்டால் பல மடங்கு உப்பி இறுகும் களிமண், குழாயை அடைத்துவிடும். அடுக்களைத் தொட்டிக்கு அடியில் குழாய் கசிந்தால் குடித்தனக்காரர் ஓனரிடம் சொல்ல மாட்டார், பிளம்பரோடு அவர் உள்ளே வந்துவிடுவாரே என்ற பயம். கசிவு மாதக்கணக்கில் சுவரில் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் பூசணமாகத் தெரியும்போதுதான் விஷயம் வெளிவரும். வலை போடச் சொல்லவும், கருத்தடைச் சான்று கேட்கவும், மணலை எங்கே கொட்டுகிறீர்கள் என்று விசாரிக்கவும் ஓனருக்கு இருந்த வாய்ப்பு "பூனை வேண்டாம்" என்ற ஒரே சொல்லில் போய்விட்டது. நாணயமானவரை வெளியே நிறுத்தி, மறைப்பவரை உள்ளே விடும் சல்லடை இது.

மறைக்க மனமில்லாதவருக்கு ஓனர்கள் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. பூனையை எங்கேயாவது விட்டுவிட்டு வாருங்கள், வீட்டைத் தருகிறேன். சாதாரணமாகத்தான் சொல்கிறார்கள், பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டு வருவது கிராமத்தில் பார்த்த வழக்கம், நகரத்தில் ஆற்றுக்குப் பதில் மீன் மார்க்கெட்டில் விடுகிறார்கள். ஓட்டு வீட்டுப் பூனைக்கு இரை தேடத் தெரியும். வீட்டுக்குள் பிறந்து வளர்ந்த பூனைக்கு நாயைத் தெரியாது, வண்டியைத் தெரியாது. விட்ட இடத்தில் ஏதாவது வாகனத்துக்கு அடியில் ஒடுங்கி, நாள்கணக்கில் தண்ணீரும் இல்லாமல் கிடக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவதற்குப் பழகிய உயிர் அது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் விலங்கை நியாயமான காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒரு குற்றத்தை நிபந்தனையாக வைக்கிறோம் என்று அந்த ஓனர்களுக்குத் தோன்றுவதில்லை.

என் வீடு, என் விருப்பம் என்பது கடைசி வாதம். வீட்டுக்காரருக்கு அந்த உரிமை உண்டு. அதைப் பறிக்க வேண்டும் என்று இங்கே வாதிடவில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. செல்லப்பிராணி பற்றி அதில் தனி விதி இல்லை. அது இரு தரப்பின் பேச்சுக்கு விடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு ஊரின் ஓனர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லும்போது அது தனிமனித விருப்பம் என்ற அளவில் நிற்பதில்லை. பேச்சிலர், தனியாக வாழும் பெண், அசைவம் சாப்பிடுபவர், வேறு மதத்தவர் என்று ஆளைப் பார்க்காமல் வகையைப் பார்த்துக் கதவடைக்கும் பழக்கம் நம் நகரங்களில் வேரூன்றியிருக்கிறது. மனிதரை ஒதுக்குவதன் கொடுமையோடு பூனையை ஒதுக்குவதை ஒப்பிட முடியாது. இரண்டிலும் விசாரிக்காமலே முடிவெடுக்கும் வழக்கம் ஒன்றுதான். வேறு காரணத்துக்காக மறுக்க நினைப்பவருக்குப் பூனை ஒரு வசதியான சாக்காகவும் ஆகிறது.

விசாரித்துவிட்டு மறு என்பதைத்தான் வேறு நாடுகளின் சட்டங்கள் கேட்கின்றன. பிரான்சில் 1970 ஜூலை 9-ஆம் தேதிச் சட்டம், குடியிருப்பு வீட்டில் வளர்ப்புப் பிராணி வைத்திருப்பதைத் தடை செய்யும் ஒப்பந்த விதியைச் செல்லாததாக்கியது. பிராணியால் சேதமோ அண்டை வீட்டாருக்குத் தொல்லையோ வரக் கூடாது என்பதே நிபந்தனை. ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2013 மார்ச் 20 அன்று, நாயும் பூனையும் கூடாது என்று அச்சடித்த பொது விதி செல்லாது, ஒவ்வொரு வழக்கிலும் இரு தரப்பு நலனையும் சீர்தூக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2020 மார்ச் 2 முதல், குடித்தனக்காரரின் கோரிக்கையை மறுக்க விரும்பும் ஓனர்தான் 14 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இங்கிலாந்து 2025-இல் இயற்றிய வாடகைதாரர் உரிமைச் சட்டமும் நியாயமான காரணமில்லாமல் மறுப்பதை ஏற்பதில்லை. இந்த நாடுகளில் கம்பளமும் மரத் தரையும் சாதாரணம். பூனையால் கெடக்கூடிய வீடுகள் நம்மிடம் இருப்பதைவிட அவர்களிடமே அதிகம்.

நியாயமான மறுப்பு என்பது என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு அறை வீட்டில் எட்டுப் பூனை என்று வருபவரை மறுக்கலாம். கருத்தடை செய்ய மாட்டேன், வெளியேதான் திரியவிடுவேன் என்பவரை மறுக்கலாம். ஓனர் தம் சோபாவும் மெத்தையும் போட்டு விடும் வீட்டுக்கு மறுக்கலாம். பழைய வீட்டு ஓனரிடம் ஒரு போன் போட்டு விசாரித்து, அங்கே வீட்டைக் கெடுத்தவர் என்று தெரிந்தால் மறுக்கலாம். பூனை இல்லாவிட்டாலும் அவரை மறுக்க வேண்டியதுதான். மற்றவரிடம் கேட்க வேண்டியது கருத்தடைக்கு மருத்துவர் கொடுத்த சீட்டும் தடுப்பூசி அட்டையும். அக்ரிமென்டில் பூனையின் எண்ணிக்கையை எழுதலாம், இரண்டுக்கு மேல் கூடாது என்று போடலாம். சன்னலுக்கும் பால்கனிக்கும் எஃகு வலை குடித்தனக்காரர் செலவு. மணலைக் கழிப்பறையிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது, பையில் கட்டிக் குப்பை வண்டியில்தான் போட வேண்டும். கருத்தடையோ தடுப்பூசியோ தவறினால் அறிவிப்புக் கொடுத்துக் காலி செய்யச் சொல்லலாம் என்ற விதிகளையும் அதிலேயே சேர்க்கலாம். குடி வரும் நாளில் கதவு, நிலை, வலை, தரை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலி செய்யும் நாளில் விளக்கை அணைத்து, கையடக்கப் புற ஊதா டார்ச்சைத் தரையோரமும் சுவரின் அடியிலும் நிலைக்கால்களிலும் அடித்துப் பார்க்கலாம். காய்ந்த மூத்திரக் கறை அந்த ஒளியில் மங்கிய மஞ்சள் பச்சையாகத் தெரியும். மூக்குக்குத் தெரியாததும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கறை இருந்தால் நொதித் திரவம் போட்டுக் கழுவும் செலவு, கதவில் கீறல் இருந்தால் பாலிஷ் செலவு, இவற்றைக் குடி வந்த நாளின் படத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டு, மிச்ச அட்வான்ஸைக் குடித்தனக்காரர் கையில் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்ளலாம்.